வீட்டுக்கல்வியைத் தொடங்குவது எப்படி: முதல் ஓராண்டுக்கான வழிகாட்டி

பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கும் பெற்றோர், எந்தப் புத்தகத்தை வாங்குவது, எந்த இணையவழி வகுப்பில் சேர்ப்பது என்பவற்றையே பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். அவற்றுக்கு விடை தேடுவதற்கு முன்பாக, ஏன் இதைச் செய்கிறோம் என்பதும், வாழும் நாட்டின் சட்டம் இதற்கு இடம் தருகிறதா என்பதும், பிள்ளை இப்போது உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெளிவாக வேண்டும். இந்த மூன்றில் கடைசியானதற்குத்தான் அதிகக் காலம் பிடிக்கும். முதல் ஆண்டு எப்படி அமையும் என்பதும் பெரும்பாலும் அதையே சார்ந்திருக்கிறது. ஆகவே புத்தகப் பட்டியலைக் காட்டிலும், பிள்ளையைக் கவனிப்பது பற்றியும் கவனித்ததைக் கொண்டு அன்றாட வேலையை அமைப்பது பற்றியும் இங்கே கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன்.

காரணத்தை எழுதிவையுங்கள்

பள்ளியின் வேகம் பிள்ளைக்குப் பொருந்தாமை, நீடித்த உடல்நலக் குறைவு, கற்றல் குறைபாடு, சக மாணவர்களின் துன்புறுத்தல், அடிக்கடி ஊர் மாற்றும் வேலை, இசையிலோ விளையாட்டிலோ நாள்தோறும் பல மணி நேரப் பயிற்சி, தாய்மொழிவழிக் கல்வியில் உள்ள பிடிப்பு என்று குடும்பங்கள் வீட்டுக்கல்விக்கு வரும் காரணங்கள் பலவகைப்பட்டவை. ஒவ்வொரு காரணமும் வேறொரு வகையான வீட்டுக்கல்வியைக் கோருகிறது. துன்புறுத்தலால் பள்ளியை விட்டு வரும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பும் ஓய்வும். விளையாட்டுப் பயிற்சிக்காக வரும் பிள்ளைக்கு வேண்டியது வளைந்துகொடுக்கும் நேர அட்டவணை. எழுத்துகளை அடையாளம் காணவே திணறும் பிள்ளைக்கு வேண்டியது தகுதி பெற்ற வல்லுநர் ஒருவரின் மதிப்பீடு. காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, தேதியிட்டு, பெற்றோர் இருவரும் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. மூன்றாவது மாதத்தில் வீடு களைத்துப்போகும்போது அந்தப் பக்கம் பயன்படும்.

எழுதும்போதே சில காரணங்கள் வலுவிழந்துவிடுவதும் உண்டு. ஓர் ஆசிரியர் மீதான கோபமோ ஒரு தேர்வின் மதிப்பெண்ணோ மட்டும்தான் காரணம் என்றால், வேறு பிரிவுக்கோ வேறு பள்ளிக்கோ மாற்றினாலே சிக்கல் தீர்ந்துவிடக்கூடும். அதற்காக ஒரு குடும்பத்தின் முழு நாளையும் திருப்பிப்போட வேண்டியதில்லை.

இதே கட்டத்தில், நாள்தோறும் பிள்ளையுடன் உட்காரப்போவது யார் என்பதையும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். பல வீடுகளில் இந்த வேலை பேசப்படாமலேயே தாயின் தலையில் வந்து விழுகிறது; அவருடைய வருமானமும் ஓய்வும் வெளித்தொடர்புகளும் குறைகின்றன; ஓராண்டுக்குள் அந்தச் சுமையே வீட்டுக்கல்வியை முடித்துவைக்கிறது. யார் எந்தப் பாடத்துக்குப் பொறுப்பு, வேலைக்குச் செல்பவர் மாலையிலும் விடுமுறையிலும் எதை ஏற்றுக்கொள்வார், வாரத்தில் எந்த நேரம் கற்பிப்பவருக்கு மட்டுமே உரியது என்பவற்றை முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதாகிவிட்டால் அதன் கருத்தையும் கேட்க வேண்டும். பள்ளியை விரும்புகிற, நண்பர்களைப் பிரிய மனமில்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தி வீட்டில் அமர்த்துவது இரு தரப்புக்கும் கடினமான தொடக்கம்.

சட்டத்தை நேரடியாகப் படியுங்கள்

வீட்டுக்கல்வி தொடர்பான சட்டம் நாட்டுக்கு நாடு முற்றிலும் மாறுபடுகிறது. ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வது கட்டாயம். அரிதான விலக்குகளைத் தவிர வீட்டுக்கல்விக்கு அங்கே இடமில்லை. இதை எதிர்த்து ஒரு குடும்பம் தொடுத்த வழக்கை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2006-இல் ஏற்க மறுத்துவிட்டது. சுவீடன் 2011 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி தனிச்சிறப்பான சூழ்நிலைகளில் மட்டுமே அனுமதிக்கிறது. பிரான்சில் முன்பு அதிகாரிகளுக்குத் தெரிவித்தால் போதும் என்றிருந்த நிலை, 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாறி, 2022-ஆம் கல்வியாண்டு முதல் முன்அனுமதி பெற வேண்டும் என்றாகியிருக்கிறது. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி வயதில் உள்ள பிள்ளைக்குக் கட்டாயக் கல்விச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற வேண்டும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் எழுதவைக்க வேண்டும்.

மறுபுறம், இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வியைப் பள்ளியிலோ வேறு வழியிலோ அளிப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை; அரசின் பண உதவியும் இல்லை. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும் என்றாலும், டெக்சாஸில் பெற்றோர் யாருக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதில்லை. நியூயார்க்கிலோ ஆண்டுத் திட்டத்தை ஒப்படைத்து, காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தந்து, ஆண்டிறுதி மதிப்பீட்டையும் காட்ட வேண்டும். இந்தியாவில் 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்கிறது. வீட்டுக்கல்வியை முறைப்படுத்தும் தனிப் பிரிவு அதில் இல்லை. வீட்டில் படிப்பவர்கள் பலர் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள்.

இவ்வளவு வேறுபாடு இருப்பதாலும், பிரான்சில் நடந்ததுபோல் விதிகள் திடீரென மாறக்கூடும் என்பதாலும், யாரோ தெரிந்தவர் சொன்னதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. உங்கள் பகுதிக் கல்வித்துறையின் அதிகாரப்பூர்வ விதிகளை நீங்களே படியுங்கள். அவற்றில் பார்க்க வேண்டியவை: கட்டாயக் கல்விக்கான வயது வரம்பு, தெரிவித்தால் போதுமா, அனுமதி வேண்டுமா, கற்பிப்பவருக்குக் கல்வித் தகுதி ஏதேனும் கேட்கப்படுகிறதா, கட்டாயப் பாடங்கள் எவை, ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு உண்டா, மதிப்பீடு எப்போது, யாரால் நடத்தப்படும். மணிக்கணக்கு கேட்கும் இடங்களில் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 900 மணி நேரமும் மேல்வகுப்புகளுக்கு 990 மணி நேரமும் கேட்கப்படுவது உண்டு. நியூயார்க்கின் விதி அப்படித்தான் இருக்கிறது. அங்கே வருகைப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே வைத்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே பள்ளியில் படிக்கும் பிள்ளையானால் வரிசை முக்கியம். முதலில் சட்டப்படியான அறிவிப்பையோ அனுமதியையோ முடித்துவிட்டு, அதன்பின் எழுத்து மூலமாகப் பள்ளியிலிருந்து விலக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் பிள்ளையை நிறுத்திக்கொண்டால், பதிவேட்டில் அது தொடர்ந்து பள்ளிக்கு வராத மாணவராகவே காட்டப்படும்; தேவையில்லாத விசாரணைகள் வரும். விலக்கல் கடிதத்தின் நகல், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், தடுப்பூசிப் பதிவு, வல்லுநர் அறிக்கைகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பள்ளிக்குத் திரும்பவும் தேர்வுக்குப் பதிவுசெய்யவும் இவைதான் முதலில் கேட்கப்படும்.

முதல் வாரங்கள்: கற்பிப்பதைவிடக் கவனிப்பது

சில ஆண்டுகள் பள்ளியில் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஓர் இடைவெளி தேவைப்படுகிறது. பள்ளியில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதம் விட வேண்டும் என்று வீட்டுக்கல்விக் குடும்பங்களிடையே ஒரு கணக்கு வழங்குகிறது. இது அனுபவத்தால் வந்த தோராயமே தவிர ஆய்வு முடிவு அன்று. மணிக்கணக்கும் அறிக்கையும் கேட்கும் நாடுகளில் இதை அப்படியே கடைப்பிடிக்கவும் முடியாது. எனினும் மணி அடித்தால் எழுதுவதற்கும் சொன்னால் மட்டும் படிப்பதற்கும் பழகிய பிள்ளை, தானாக எதையாவது எடுத்துச் செய்யத் தொடங்கச் சில வாரங்களாவது ஆகும் என்பதைப் பெற்றோர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இடையில் வரும் சலிப்பைக் கண்டு பதறி, அடுத்த நாளே ஆறு பாடவேளைகளை அமைத்துவிடுவதுதான் புதியவர்கள் மிகுதியாகச் செய்கிற பிழை.

இந்த வாரங்களில் பெற்றோருக்கு வேலை இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நாள்தோறும் சில வரிகள் எழுதுங்கள். யாரும் சொல்லாமல் பிள்ளை எதை எடுக்கிறது, எவ்வளவு நேரம் அதில் நிற்கிறது, நாளின் எந்த வேளையில் மனம் கூர்மையாக இருக்கிறது, எந்த இடத்தில் முயற்சியை விட்டுவிடுகிறது, விடும்போது கோபப்படுகிறதா, மழுப்புகிறதா, பேச்சை மாற்றுகிறதா என்பவற்றைத் தீர்ப்புச் சொல்லாமல் பதிவுசெய்யுங்கள். ‘சோம்பேறித்தனம்’ என்று எழுதினால் அதிலிருந்து எதுவும் கிடைக்காது. ‘மூன்று இலக்கக் கழித்தலில் கடன் வாங்க வேண்டிய இடம் வந்ததும் பென்சிலை வைத்துவிட்டான்’ என்று எழுதினால் அடுத்த வாரப் பாடமே அதில் கிடைத்துவிடுகிறது.

பிள்ளையின் உண்மையான நிலையையும் இப்போதே, தேர்வு என்ற சாயல் இல்லாமல், அறிந்துகொள்ளலாம். வாசிப்புக்கு, வெவ்வேறு கடினத்தில் உள்ள சில புத்தகங்களிலிருந்து ஒவ்வொரு பக்கம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேற்பட்ட சொற்களில் தடுமாறினால் அந்தப் புத்தகம் தனியாகப் படிப்பதற்குக் கடினமானது என்பது நடைமுறையில் உதவும் ஒரு கணக்கு. கணிதத்துக்கு, படித்துக்கொண்டிருந்த வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே தொடங்கி மேலே வாருங்கள். பின்னங்களைக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் பெரும்பாலும் பெருக்கலும் வகுத்தலும் உறுதியாக இராது. இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். வகுப்பு எண்ணை மறந்துவிடலாம். ஒரே பிள்ளை வாசிப்பில் ஏழாம் வகுப்பு நிலையிலும் கணக்கில் நான்காம் வகுப்பு நிலையிலும் இருப்பது பள்ளிக்குத்தான் சிக்கல். வீட்டில் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு நடத்தலாம்.

நேரம்

பள்ளி நாளின் ஆறு, ஏழு மணி நேரத்தில் வருகைப் பதிவு, வகுப்பு மாறுதல், முப்பது பிள்ளைகளை அமைதிப்படுத்துதல், முடித்தவர்கள் மற்றவர்களுக்காகக் காத்திருத்தல் எல்லாம் அடங்கும். ஒருவருக்கு ஒருவராக உட்காரும்போது இவை எதுவும் இல்லை. ஆறு, ஏழு வயதில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரமும், பத்து வயதில் இரண்டு மூன்று மணி நேரமும் உட்கார்ந்து செய்யும் பாடங்களுக்குப் போதும் என்பது என் கருத்து. பதின்ம வயதில் நான்கு, ஐந்து மணி நேரம் தேவைப்படலாம். அதில் பாதிக்கு மேல் பிள்ளை தானாகவே படிப்பதாக அமைய வேண்டும். மீதிப் பொழுது வாசிப்பு, விளையாட்டு, வீட்டு வேலை, கைத்தொழில், வெளியே சுற்றுவது ஆகியவற்றுக்கு உரியது, அவையும் கல்வியே.

தனிப்பயிற்சிக்கு இவ்வளவு வலிமை உண்டு என்பதைக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதிய கட்டுரை ஒன்று உலகறியச் செய்தது. அவர் சொன்ன அளவுக்குப் பெரிய முன்னேற்றம் பிந்தைய ஆய்வுகளில் தென்படவில்லை என்றாலும், பிழை நேர்ந்த அந்தக் கணத்திலேயே திருத்தம் கிடைப்பதும், தேர்ச்சி வந்த பிறகே அடுத்ததற்குப் போவதும் பயனளிக்கின்றன என்பதில் ஐயமில்லை. வீட்டில் கற்பிப்பவருக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பே இதுதான். பிள்ளையின் முன்னால் பயிற்சித்தாளை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த வாய்ப்பு வீணாகிறது.

மணிக்கு மணி வகுத்த அட்டவணையைவிட, எதற்குப் பிறகு எது என்ற வரிசை நெடுநாள் நிலைக்கும். காலை உணவுக்குப் பின் கணிதம், அதன்பின் சிறிது ஓட்டம், பிறகு வாசிப்பும் எழுத்தும், மதியத்தில் அறிவியலோ வரலாறோ கைவேலையோ என்று இருந்தால், ஒருநாள் அரை மணி தாமதமானாலும் நாள் முழுவதும் குலைந்துவிடாது. எந்தப் பாடத்தை முதலில் வைப்பது என்பதற்கு உங்கள் குறிப்பேடுதான் விடை சொல்ல வேண்டும். மாலையில்தான் மனம் விழிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) சிறு பிள்ளைகளுக்குப் பாடவேளை இருபது நிமிடங்களைத் தாண்டக் கூடாது என்று வலியுறுத்தினார். இன்றும் அது நல்ல அளவுகோல்.

மொழியும் கணிதமும்

முதல் ஆண்டில் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியவை வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய மூன்றே. இவை நாள்தோறும் நடந்தால் மற்றவை சற்று முன்பின்னாக நடந்தாலும் பாதகமில்லை.

வாசிப்பின் அடித்தளம், பெரியவர் சத்தமாகப் படித்துக்காட்டுவது. தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது வேண்டும். ஏனெனில் பிள்ளையின் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் நெடுங்காலம் அதன் வாசிப்புத் திறனைவிட முன்னே நிற்கிறது. தொடக்க நிலையில், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஒழுங்கான வரிசையில் கற்பிக்க வேண்டும். ஆங்கிலம்போல் ஒரே எழுத்து பல ஒலிகளைத் தரும் மொழிகளில் இது இன்னும் தேவை. முழுச் சொல்லையும் படம்போல் மனப்பாடம் செய்யவைக்கும் முறை தொடக்கத்தில் வேகமாகத் தோன்றினாலும், புதிய சொல் வந்ததும் பிள்ளையை ஊகிக்கவைக்கிறது. வீட்டில் இரண்டு மொழிகள் புழங்கினால், பிள்ளை சரளமாகப் பேசும் மொழியில் முதலில் வாசிக்கப் பழக்குவது எளிது.

படித்ததைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்வது மிக எளிய, செலவே இல்லாத முறை. ஒரு பகுதியை ஒரே ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, “என்ன நடந்தது, சொல்லேன்” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். குறுக்கே கேள்வி கேட்கவோ திருத்தவோ வேண்டாம். சார்லட் மேசன் தம் கல்விமுறையின் நடுவே வைத்தது இதைத்தான். நினைவிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்வது, திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நெடுநாள் நினைவில் நிறுத்துகிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனைகளும் காட்டின. சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து பின்னால் வரும்: முதலில் அது சொல்வதைப் பெரியவர் எழுதித் தரலாம், பிறகு ஒரு வாக்கியத்தை மட்டும் பிள்ளை எழுதலாம், ஒன்பது பத்து வயதில் ஒரு பத்தி. எழுதவே மறுக்கிற பிள்ளைகள் பலருக்குச் சிந்தனையில் குறை இல்லை. கைதான் வலிக்கிறது, அல்லது எழுத்துப்பிழைக்கு அஞ்சுகிறார்கள். அவர்களிடம் கையெழுத்துப் பயிற்சியையும் கருத்தை எழுதுவதையும் வேறுவேறு வேளைகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணிதத்தில் கையில் தொட்டு எண்ணும் பொருள், அதன்பின் படம், அதன்பின் குறியீடு என்ற வரிசையை அவசரப்பட்டுத் தாண்டக் கூடாது. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைப் பிரித்து மறுபடியும் கட்டிப் பார்த்த பிள்ளைக்குத்தான் கழித்தலில் கடன் வாங்குவது விளங்குகிறது. காகிதத்தை மடித்து நான்கில் ஒரு பங்கும் எட்டில் இரண்டு பங்கும் ஒன்றே என்று கண்ட பிள்ளைக்குச் சமபின்னம் விதியாகத் தோன்றாது. விளக்கம் புரிந்த பிறகு பயிற்சியும் வேண்டும்; வாய்ப்பாடு தங்குதடையின்றி வராத பிள்ளை, நீள்வகுத்தலின் நடுவில் ஏழெட்டு எவ்வளவு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையே மறந்துவிடுகிறது. படித்தது நாளடைவில் எப்படி மறந்துபோகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டியிருக்கிறார். ஆகவே முடித்த பாடத்தை அடுத்த நாளும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் சில கணக்குகளாக மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஐம்பது கணக்கு போடவைப்பதைவிட, ஐந்து ஐந்தாகப் பத்து நாள்களுக்குப் பரப்புவது மேல். பிள்ளை தவறான விடை தரும்போது “எப்படி வந்தது என்று காட்டு” என்று கேட்டால், தவறுக்குள் இருக்கும் தர்க்கம் வெளிப்படும். திருத்த வேண்டிய இடமும் அப்போதுதான் தெரியும்.

அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் முதல் ஆண்டில் கனமான பாடநூல் தேவையில்லை. ஒரு மரத்தை ஆண்டு முழுவதும் கவனித்து வரைந்து வைப்பது, நாளின் வெப்பநிலையை எழுதி வரைபடமாக்குவது, காந்தம், நிழல், உப்புக் கரைசல் போன்றவற்றை வைத்து ஊகித்துப் பார்ப்பது ஆகியவை தொடக்கப் பருவத்துக்குப் போதும். வரலாற்றுக்கு, சுவரில் ஒட்டிய நீண்ட காகிதத்தில் காலக்கோடு ஒன்றை வரைந்து, படிக்கிற ஒவ்வொன்றையும் அதில் குறித்துவரலாம். நூலகத்தை வாரந்தோறும் பயன்படுத்துங்கள்.

முறைகளைப் பற்றி

சற்றுத் தேடினாலே வீட்டுக்கல்வி முறைகள் பல கண்ணில் படும். 1907-இல் ரோம் நகரில் தம் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியின் வழி, சிறு பிள்ளைகள் பொருள்களைக் கையாண்டு தாமே கற்பதை முன்னிறுத்துகிறது. மேசன் வழியில் நல்ல நூல்களும் இயற்கையைக் கவனிப்பதும் முதன்மையானவை. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் 1970-களில் முன்வைத்த, பிள்ளையின் ஆர்வத்தையே பாடத்திட்டமாகக் கொள்ளும் வழி மற்றொன்று. இதில் பெற்றோர் விலகி நிற்பதாகப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் பிள்ளையின் ஒவ்வொரு கேள்வியையும் தொடர்ந்து சென்று பொருளும் மனிதரும் இடமும் தேடித்தர வேண்டியிருப்பதால், பெற்றோருக்கு மிக அதிக உழைப்பைக் கோரும் வழிகளில் இது ஒன்று. இவற்றைத் தவிர, அன்றாடப் பாடம் வரை எழுதித் தரும் ஆயத்தப் பாடத்திட்டங்களும் விற்பனைக்கு இருக்கின்றன. அறிக்கை கேட்கும் நாடுகளிலும், கற்பிப்பவருக்குத் தயக்கம் மிகுதியாக உள்ள பாடங்களிலும் அவை துணைசெய்யும்.

ஒரே முறையை முழுதாகப் பின்பற்ற வேண்டியதில்லை. முதல் மூன்று மாதங்களில் முழு ஆண்டுக்கான தொகுப்பு எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. அந்தச் செலவு, பொருந்தாத புத்தகத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளவைக்கும். ஒரு கணிதப் புத்தகம், நூலக அட்டை, எழுதுபொருள்கள், குறிப்பேடு ஆகியவற்றோடு தொடங்கலாம். இலவச இணையவழிப் பாடங்களில் கான் அகாடமி போன்றவை கணிதத்திலும் அறிவியலிலும் பயனுள்ளவை. ஆனால் காணொளியைப் பார்ப்பதோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. பார்த்ததும் நிறுத்தி, காகிதத்தில் செய்து, திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பாடத்துக்குத் திரை ஏறக்குறையத் தேவையே இல்லை.

பதிவுகளும் தேர்வுகளும்

சட்டம் கேட்காவிட்டாலும் பதிவுகளை வைத்திருங்கள். படித்த புத்தகங்களின் பட்டியல், மாதத்துக்கு இரண்டு மூன்று எழுத்து மாதிரிகள், கணிதத் தாள்கள் சில, செய்முறைகளின் ஒளிப்படங்கள் ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்தால் போதும். ஒவ்வொரு தாளையும் சேமிக்க முற்படுபவர்கள் சில வாரங்களில் சேமிப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதாகும்போதே எந்தப் பொதுத்தேர்வை எழுதப்போகிறது என்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் நடத்தும் பன்னாட்டு இடைநிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதற்குத் தனித்தேர்வர்களை ஏற்கும் பதிவுபெற்ற மையம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும், எல்லா மையங்களும் ஏற்பதில்லை. இந்தியாவின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்பு நிலைக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும்; பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது; எல்லாப் பாடங்களையும் ஒரே தவணையில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. எந்த வாரியமானாலும் அறிவியல் செய்முறைத் தேர்வை எங்கே, யாருடைய ஆய்வகத்தில் செய்வது என்பதையும், பிள்ளை விரும்பும் உயர்கல்வி அந்தச் சான்றிதழை ஏற்கிறதா என்பதையும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்ட குடும்பங்களே கடைசி நேரத்தில் அலைகின்றன.

மற்ற பிள்ளைகள்

‘பிள்ளைக்கு நண்பர்கள் எப்படிக் கிடைப்பார்கள்’ என்பது உறவினர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. எரிச்சலூட்டினாலும் நியாயமான கேள்வி அது. பள்ளியில் தானாகக் கிடைப்பதை வீட்டுக்கல்வியில் திட்டமிட்டுத் தேட வேண்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை வெவ்வேறு பிள்ளைகளைச் சந்திப்பதைவிட, அதே சில பிள்ளைகளை அடிக்கடி சந்திப்பதில்தான் நட்பு வளர்கிறது. ஆகவே குழு விளையாட்டு, இசை, நாடகம், நூலக வாசிப்பு வட்டம் போன்றவற்றில் தொடர்ந்து செல்லக்கூடிய ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுங்கள். பழைய பள்ளித் தோழர்களோடு உள்ள தொடர்பும் அறுந்துபோக வேண்டாம். அருகில் வேறு வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இருந்தால், ஒருவர் அறிவியலும் மற்றொருவர் மொழியும் நடத்தும் சிறு கூட்டுவகுப்பு அமைக்கலாம். இதனால் பிள்ளை பெற்றோர் அல்லாத ஒருவரிடம் கற்கவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும் பழகும்.

மூன்றாம் மாதத்தின் முடிவில்

பெற்றோரே ஆசிரியராகும்போது வரும் உரசல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. பாடத்தின்போது குரல் உயர்ந்தால் பாடத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கணக்கு நாளைக்கும் இருக்கும். ஒரே பாடத்தில் தொடர்ந்து மோதல் வந்தால், அதை மட்டும் வேறொருவரிடம் ஒப்படைப்பது தோல்வியாகாது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் வரலாறு, அறிவியல், சத்தமாக வாசிப்பது ஆகியவற்றை இருவருக்கும் சேர்த்தும், கணிதத்தையும் எழுத்தையும் தனித்தனியாகவும் வைத்துக்கொண்டால் நாள் சமாளிக்கக்கூடியதாக இருக்கும்.

மூன்று மாதம் ஆனதும் ஒரு மாலையை ஒதுக்கி, முதலில் எழுதிய காரணப் பக்கத்தையும் குறிப்பேட்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். தொடக்கத்தில் திணறிய பக்கத்தைப் பிள்ளை இப்போது எப்படிப் படிக்கிறது, விட்டுவிட்ட கணக்குவகையை இப்போது செய்கிறதா, தானாக எடுத்துச் செய்யும் வேலைகள் கூடியிருக்கின்றனவா, தூக்கமும் பசியும் சிரிப்பும் எப்படி இருக்கின்றன, கற்பிப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள். புத்தகம் பொருந்தவில்லை என்று தெரிந்தால் அதை மாற்றுங்கள். நேரம் பொருந்தவில்லை என்றால் வரிசையை மாற்றுங்கள். வாசிப்பில் சிறிதும் அசைவு தெரியாவிட்டால், இன்னும் ஓராண்டு பார்ப்போம் என்று காத்திருக்காமல் கண், காது பரிசோதனையும் கற்றல் குறைபாட்டு மதிப்பீடும் செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் நாளுக்கு நாள் இறுக்கமே கூடுகிறது, பிள்ளையும் பள்ளியைக் கேட்கிறது என்றால், திரும்பச் சேர்ப்பதற்கான வேலையைக் கல்வியாண்டு தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். சேர்க்கைக் காலம், வயதுக்கேற்ற வகுப்பு, நிலையறித் தேர்வு உண்டா என்பவற்றை இரண்டு மூன்று பள்ளிகளில் கேட்டு, அவற்றின் கணிதப் பாடத்திட்டத்தில் பிள்ளை தொடாத பகுதிகள் எவை என்று பட்டியலிட்டு, மீதியுள்ள மாதங்களில் அவற்றை முடித்துக்கொடுங்கள். தேதியிட்டுச் சேர்த்துவைத்த கோப்பையும் சேர்க்கைக்குச் செல்லும்போது கையோடு எடுத்துச்செல்லுங்கள்.